தவசி மாமாவின் இருமலும் பத்தாம் நரம்பும்

போடிநாயக்கனூர்
1913 அக்டோபர் 22

சிரஞ்சீவி மாப்ளே முனியசாமிக்கு உன் மாமன் தவசி ஆசீர்வாதம். இவ்விடம் பொதிமாடு ஆறும் க்ஷேமம். மகள் சந்திரவல்லி க்ஷேமம். சிலமலையில உன் ஆத்தா, என் அக்கா மொக்கம்மாள் க்ஷேமம். நான் மட்டும் க்ஷேமமில்ல. பட்டணத்துல உன் உடம்புக்கும் வைத்தியப் படிப்புக்கும் விவரம் எழுது.

எனக்குப் பதினஞ்சு நாளா இருமல். சளி இல்ல, காய்ச்சல் இல்ல, ரத்தம் இல்ல. சும்மா லொக்கு லொக்குன்னு வறட்டு இருமல். வைத்தியர் ஆடாதொடை கொடுத்தாரு, தூதுவளை கொடுத்தாரு, வெள்ளாட்டுக் கால் ரசம் வைக்கச் சொன்னாரு. ஆட்டுக்குக் கால் போனதுதான் மிச்சம். குரங்கணிக்கு மேல நம்ம ஏலத்தோட்டத்துக்கு ஏறுனா எனக்கு முந்தி இருமல் போய்ச் சேந்துருது. பழம் எடுக்கிற பொம்பளைங்க பேச்சை நிப்பாட்டிட்டுச் சோலியப் பாக்குறாங்க. அது ஒண்ணுதான் இதுல கண்ட லாபம்.

ஊருக்குள்ள சயரோகம்னு பேசிக்கிறாங்க. மாப்ளே, எனக்குப் பயமா இருக்கு. உன்கிட்டத்தான் சொல்றேன். தாயில்லாப் புள்ளைய வளத்துட்டேன், கண்ணை மூடுறதுக்குள்ள அதுக்கு ஒரு வழி பண்ணணும். அது உனக்குன்னு பேசி வச்சதுதான். ஆனா உன் படிப்பு முடிய ரெண்டு வருசங்கிற. எனக்கு ரெண்டு வருசம் இருக்கா? குரங்கணி சுருளி வீட்டுல பொண்ணு கேட்டு விட்டிருக்காங்க. தை பொறக்கட்டும்னு சொல்லி வச்சிருக்கேன். அதுக்குள்ள என் இருமலை நீ நிப்பாட்டிட்டா நான் எதுக்கு இன்னொருத்தன் மூஞ்சியப் பாக்கப் போறேன்? வெரசா பதில் போடு.

இப்படிக்கு,
இருமிக்கொண்டிருக்கும் மாமன்
தவசி

குறிப்பு: மச்சான், அப்பாவுக்கு எழுத்து வராது என்பது தெரிந்ததே. அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுவதும், உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டுவதும் நான்தான். இதை எழுதி முடிப்பதற்குள் நாற்பத்தொரு தடவை இருமினார். – சந்திரவல்லி


சென்னைப் பட்டணம், திருவல்லிக்கேணி
1913 நவம்பர் 1

மகாராஜராஜஸ்ரீ மாமா அவர்கள் பாதங்களுக்கு மருமகன் முனியசாமி நமஸ்காரம். இவ்விடம் நான் க்ஷேமம். அவ்விடத்து இருமல் நீங்கலாக எல்லோரும் க்ஷேமம் என்று அறிந்து பாதி சந்தோஷம்.

கவலை வேண்டாம். சயம் என்றால் காய்ச்சலும் இளைப்பும் இருக்கும். இத்துடன் ஒரு சீசா மருந்து அனுப்பியிருக்கிறேன். வேளைக்கு ஒரு கரண்டி.

இந்த மாதம் பதினான்காம் தேதி எனக்கு நரம்புப் பரீட்சை. எழுத்துப் பரீட்சை அல்ல, எங்களுக்குப் பாடம் நடத்தும் வெள்ளைக்காரத் துரை எதிரே நிற்க வைத்து வாயால் கேட்பார். நான் எவ்வளவு படித்திருக்கிறேன் என்று மாமா தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். தலையோட்டிலிருந்து பன்னிரண்டு ஜோடி நரம்புகள் புறப்படுகின்றன. கடைசி நான்கும் தொண்டைக்கும் கழுத்துக்கும் இறங்குகிறவை. ஒன்பதாவது நாக்கின் அடிப்பக்கத்துக்கு ருசி சொல்லும். வைத்தியரின் கஷாயம் கசப்பது அதன் உபயம்தான். தொண்டையில் விரல் பட்டால் குமட்டல் எடுப்பதும் அதனால்தான். பத்தாவது ஓர் ஊர்சுற்றி. தொண்டைக்குப் போய்க் குரல் கொடுத்து, விழுங்க வைத்து, நெஞ்சுக்கு இறங்கி, இரைப்பை வரைக்கும் எட்டிப் பார்க்கும். பதினொன்றாவது தோளைத் தூக்கும், கழுத்தைத் திருப்பும். பன்னிரண்டாவது நாக்கை அசைக்கும். அது ஒரு பக்கம் கெட்டுவிட்டால், நாக்கை நீட்டும்போது நல்ல பக்கமாகச் சாயும். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

குரங்கணி விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். சந்திரவல்லியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் பணிவுள்ள,
முனியசாமி


போடிநாயக்கனூர்
1913 நவம்பர் 12

மாப்ளே முனியசாமிக்கு ஆசீர்வாதம். இவ்விடம் மாடுகள் க்ஷேமம், மழை க்ஷேமம், இருமல் ரொம்ப க்ஷேமம். நீ வேளைக்குச் சாப்பிடுறியா?

மருந்து வந்துச்சு. இனிப்பா இருந்துச்சு. அஞ்சு நாள் குடிச்சேன், நாக்குதான் செவந்துச்சு. மிச்சத்த வைத்தியர் ஒரு மடக்குக் குடிச்சுப் பாத்துட்டு, இதுல மருந்தே இல்லன்னு சொல்லிட்டு சீசாவ எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

ஆனா அந்த நாலு நரம்பு சங்கதி இருக்கே, அருமை! சந்திரவல்லிய நாலு தடவை வாசிக்கச் சொன்னேன். இத்தனை நாளா மாடு பிடிக்கப் போனா பல்லைப் பாப்போம், சுழி பாப்போம். மனுசனைப் பாக்க ஒரு முறை இல்லாமத்தான கெட்டோம்! இப்ப வீட்டுக்கு வர்ற ஆளையெல்லாம் நாக்கை நீட்டு, தோளைத் தூக்குன்னு பாத்துக்கிட்டிருக்கேன். தலையாரி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. பத்தாவது நரம்பு மட்டும் எனக்குப் பிடிக்கல. ஊர் சுத்துறவன் எவனும் உருப்பட்டதில்ல.

பரீட்சைய நல்லபடியா சொல்லு. ஆசீர்வாதம்.

தவசி

குறிப்பு: மச்சான், ஒரு சந்தேகம். நம் பொதிமாட்டுக்காரர் சோலையை உங்களுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் மாட்டுக்கொம்பு அவர் தாடைக்குக் கீழே இடப்பக்கம் குத்தியது. அதிலிருந்து நாக்கில் இடது பாதி வாடிக் கிடக்கிறது. அப்பா நீட்டச் சொன்னபோது நானும் பார்த்தேன், இடது பக்கமாகத்தான் போனது. அதாவது கெட்ட பக்கம். யோசித்தால் நியாயமாகவும் இருக்கிறது. ஜோடியில் ஒரு மாடு நோஞ்சானாக இருந்தால் வண்டி நோஞ்சான் மாட்டுப் பக்கம்தானே திரும்பும்? நீங்கள் எழுதியது தப்பா, சோலை நாக்கு தப்பா? பரீட்சைக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருமல் கணக்கு: சாதாரண நாளில் இருநூறு. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் நானூறைத் தொடுகிறது. – ச.வ.


சென்னைப் பட்டணம்
1913 நவம்பர் 30

மாமா அவர்களுக்கு நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். மழை.

பரீட்சை நடந்தது. துரை என்னிடம் நெடுநேரம் பேசினார். இந்தப் பாடத்தை ஆழ்ந்து படிப்பது எவருக்கும் நல்லது என்பது அவர் அபிப்பிராயம். நானும் ஆழ்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

இருமலுக்கு வெந்நீர் குடிக்கவும்.

முனியசாமி

சந்திரவல்லிக்கு: சோலை நாக்கு சரி. உன் கடிதம் பதினேழாம் தேதி வந்து சேர்ந்தது.


போடிநாயக்கனூர்
1913 டிசம்பர் 13

மாப்ளே முனியசாமிக்கு ஆசீர்வாதம். நீ க்ஷேமமான்னு இந்தத் தடவை உன் கடுதாசியப் பாத்தா தெரியல. வெந்நீர் குடிங்கிறதுக்கு வைத்தியப் பள்ளிக்கூடம் எதுக்கு? அதை என் மாட்டுக்காரனே சொல்வான்.

இருமல் முத்திப் போச்சு. இடது காதும் மந்தமாயிருச்சு. வயசாகுது, ஒவ்வொண்ணாத்தான் கழண்டு விழும். நான் தைக்குக் காத்திருக்கலாம்னு பாத்தேன், எமன் காத்திருப்பானான்னு தெரியல. அதனால போன ஞாயித்துக்கிழமை சுருளி வீட்டாரை வரச் சொல்லிட்டேன்.

பையன் சுருளி வந்தான். பணியாரம் மூணு தின்னான். குலம் கோத்திரம் எல்லாம் தெரிஞ்சதுதான், நரம்பைப் பாத்துருவோம்னு நாக்கை நீட்டச் சொன்னேன். ஆணி அடிச்ச மாதிரி நேரா நின்னுச்சு. தோளைத் தூக்கச் சொல்லிட்டு, சோலைய விட்டு மேல இருந்து அமுக்கச் சொன்னேன். சோலையோட சேத்துத் தூக்கிட்டான்! நாக்கு அடியில நிலவேம்பைத் தடவுனேன், மூஞ்சி சுண்டைக்காய் மாதிரி ஆயிருச்சு. கடைசியா அகப்பைக் காம்பை வச்சுத் தொண்டையத் தொட்டேன். மூணு பணியாரமும் வாசலுக்கு வந்துருச்சு. நாலு நரம்பும் சுத்தம்!

அவுக அப்பன்தான், "நாங்க பொண்ணு பாக்க வந்தோமா, மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வந்தோமா?"ன்னு துண்டை உதறிக்கிட்டு எந்திரிச்சாரு. "என் மருமகப் புள்ள பட்டணத்துல படிக்கிற சாஸ்திரம் இது, தப்பா நினைக்காதீக"ன்னு கையப் பிடிச்சு உக்கார வச்சேன். தை பத்தாந்தேதி வெத்தல மாத்திக்கிறதாப் பேச்சு.

உனக்கு வருத்தமாத்தான் இருக்கும். எனக்கும்தான். ஆனா பொண்ணைப் பெத்தவன் சாகப் போறப்ப நாளை எண்ணிக்கிட்டா உக்கார முடியும்? மனசுல வச்சுக்காத.

தவசி

குறிப்பு: மச்சான், எல்லோருக்கும் நரம்பு பார்த்தாயிற்று. எனக்கு என்ன தோன்றுகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. இந்தச் செவ்வாய் நானூற்று முப்பது. – ச.வ.


சென்னைப் பட்டணம்
1913 டிசம்பர் 22

மாமா அவர்களுக்கு நமஸ்காரம். க்ஷேம விசாரணையெல்லாம் பிறகு. இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து முழுக்கக் கேளுங்கள். சந்திரவல்லி, ஒரு வரி விடாமல் வாசி.

மாமா, நான் பரீட்சையில் தவறிவிட்டேன். நான் தண்ணீர் பட்ட பாடு என்று எழுதினேனே, அதே நான்கு நரம்புகளில்தான். நாக்கு எந்தப் பக்கம் சாயும் என்று துரை கேட்டார். நல்ல பக்கம் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஜனவரியில் வா என்றார். உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பெயிலானவனுக்குப் பெண் யார் கொடுப்பார்கள் என்று பயந்து மறைத்தேன். தப்புதான்.

தவறியதால் அதே பக்கங்களைத் திரும்பவும் படிக்கிறேன். முன்பு நான் தாண்டிப் போன ஒரு வரியை நேற்றுப் பார்த்தேன். பத்தாவது நரம்பு கீழே இறங்குவதற்கு முன், ஒரு சின்னக் கிளையைக் காதுக்குள் அனுப்புகிறது. காதின் துவாரத்தில் ஏதாவது உறுத்தினால், சிலருக்கு அது தொண்டையில் உறுத்துவதாகத் தோன்றி இருமல் வரும். நெஞ்சில் ஒரு கோளாறும் இருக்காது.

இடது காது மந்தம் என்று எழுதியிருந்தீர்கள். செவ்வாய்க்கிழமை இருமல் ஏறுகிறது என்று சந்திரவல்லி இரண்டு கடிதத்திலும் எழுதினாள். மாமா, செவ்வாய்க்கிழமை காதில் என்ன செய்கிறீர்கள்?

சந்திரவல்லி, வெளிச்சத்தில் வைத்துக் காதுக்குள் பார். ஏதாவது இருந்தால் தண்ணீர் ஊற்றாதே. கொட்டையோ விதையோ இருந்தால் ஊறிப் பருத்துவிடும். நல்லெண்ணெயை விரல் பொறுக்கும் சூட்டில் விட்டு, ஊறிய பிறகு காதழுக்கு எடுக்கும் குறும்பிவாங்கியால் மெதுவாக நெம்பி எடு. காதுத்துவாரத்தின் சுவரோடு போ, நடுவில் குத்தாதே. உன் கை நிதானமானது என்று எனக்குத் தெரியும்.

உனக்கு என்ன தோன்றுகிறது என்று நான் கேட்கவில்லைதான். கேட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இப்போது கேட்கிறேன். இதை மாமாவுக்கும் சேர்த்தே வாசித்துவிடு.

முனியசாமி


போடிநாயக்கனூர்
1914 ஜனவரி 1

அன்புள்ள மச்சானுக்குச் சந்திரவல்லி நமஸ்காரம். அப்பா காது நிறைய எண்ணெயோடு இருந்ததால் இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். எல்லோரும் க்ஷேமம். இந்தத் தடவை நிஜமாகவே எல்லோரும்.

உங்கள் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்தேன். கடைசி வரிகளை வாசிக்கும்போது மட்டும் கொஞ்சம் வேகமாக வாசித்தேன். அப்பா அதைக் கவனிக்கவில்லை. "காதுக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம்? அமாவாசைக்கும் அப்துல்காதருக்கும்னு சொல்வாங்களே, அந்தக் கதையால்ல இருக்கு" என்றார்.

"செவ்வாக்கிழமை காதுல என்னப்பா பண்றீக?"

"ஒண்ணும் பண்ணலியே ஆத்தா. பஞ்சு வைக்கிறேன், அவ்வளவுதான்."

உங்களுக்குத் தெரியுமே, செவ்வாய்க்கிழமை ஏலக்காய்ப் பேரம் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் நடக்கும். வாய்க்கு அங்கே வேலை இல்லை. ஆனால் தரகர் சும்மா இருப்பாரா? விரல் ஒரு விலை சொல்ல, வாய் பாட்டுக்கு, "அண்ணே, வீட்டுல நண்டும் சிண்டுமா ஏழு உசுரு, பாத்துச் செய்ங்க" என்று புலம்பும். அப்பா உடனே இளகிவிடுவார். அதனால் இந்த வருஷம் ஒரு யோசனை செய்திருக்கிறார். சின்ன ஏலப் பிஞ்சு ஒன்றைப் பஞ்சில் சுற்றி, காதுக்கு ஒன்றாக அடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார். பிஞ்சு எதற்கு என்றால், "வெறும் பஞ்சு நிக்க மாட்டேங்குது. வாசனைக்கும் ஆச்சு" என்கிறார். முதல் செவ்வாய்க்கிழமை இடது காதில் பஞ்சு மட்டும் திரும்பி வந்திருக்கிறது. பிஞ்சு எங்கேயோ விழுந்துவிட்டது என்று இருந்துவிட்டார். பிறகு வாராவாரம் புதிதாக ஒன்றை வைத்து, பழையதை உள்ளே உள்ளே தள்ளியிருக்கிறார்.

இரண்டு நாள் காலையும் மாலையும் எண்ணெய் விட்டேன். நேற்று முற்றத்து வெயிலில் உட்கார வைத்து, சோலை தலையைப் பிடித்துக்கொள்ள, குறும்பிவாங்கியை விட்டேன். கம்பி பட்டதும் இருமினார். எடுத்தேன், நின்றது. மறுபடி விட்டேன், மறுபடி இருமினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நிதானமான கை என்று எழுதியிருந்தீர்களே என்று நினைத்துக்கொண்டு திரும்ப விட்டேன். அழுக்கேறிக் கறுத்துப்போய் வந்தது அந்தப் பிஞ்சு.

அப்பா அடுத்த இருமலுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரவில்லை. தண்ணீர் குடித்தார், வரவில்லை. வேண்டுமென்றே ஒன்று இருமிப் பார்த்தார், அது ஒட்டவில்லை. "ஆத்தா, நான் சாகலையா?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன். சோலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார்.

நீங்கள் தவறியது எனக்கு நவம்பர் கடிதத்திலேயே தெரியும். பாஸ் பண்ணியவர் நாலு பக்கம் எழுதுவார். கேட்டதற்குப் பதில்: வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? பரீட்சையை ஒழுங்காகச் சொல்லுங்கள். கெட்ட பக்கம்.

சந்திரவல்லி


போடிநாயக்கனூர்
1914 ஜனவரி 7

என் குலத்தைக் காத்த மாப்ளே முனியசாமிக்கு மாமன் தவசி ஆயிரம் ஆசீர்வாதம். இவ்விடம் நான் க்ஷேமம்! க்ஷேமம்! நீ நூறு வருசம் நல்லா இரு.

நீ பெயிலானது நான் செஞ்ச புண்ணியம். மொதல் தடவையே பாஸ் பண்ணியிருந்தா அந்தப் புத்தகத்தைத் திரும்பத் தொட்டிருப்பியா? நான் இந்நேரம் வைகுண்டம் போயிருப்பேன். வைத்தியர்கிட்டச் சொன்னேன், அவரு நம்பாம நாலு பேரு காதைக் குடைஞ்சு பாத்துட்டாரு. ஒருத்தருக்கு மட்டும் இருமல் வந்துச்சாம். பத்தாவது நரம்பைப் பத்தி நான் தப்பாப் பேசுனத வாபஸ் வாங்கிக்கிறேன்.

குரங்கணிக்கு நானே போயி, "என் தப்பு, பொண்ணு அத்தை மகனுக்குன்னு பேசுனது"ன்னு கும்பிட்டுச் சொன்னேன். சுருளி தங்கமான பையன். "பரவால்ல மாமா, அகப்பைக் காம்பை எடுக்கிற வீட்டுக்கு நான் எப்படி விருந்துக்கு வர்றது?"ன்னு சிரிச்சுட்டான்.

இனிமே ஒண்ணுக்கும் அவசரமில்ல மாப்ளே. நான்தான் சாகப் போறதில்லையே! நீ நிதானமா ரெண்டு வருசம் படி. மூணு வருசம் ஆனாலும் சரி. கல்யாணம் எங்க ஓடிப் போகுது? புள்ளையும் இன்னும் கொஞ்ச நாள் என்கூட இருக்கட்டும். எனக்கும் கடுதாசி எழுத ஆள் வேணும்ல.

தவசி


சென்னைப் பட்டணம்
1914 ஜனவரி 24

மாமா அவர்களுக்கு நமஸ்காரம். தாங்கள் க்ஷேமம் என்பதில் எனக்கு அளவற்ற சந்தோஷம். நான் உடம்பால் க்ஷேமம்.

பரீட்சையில் தேறிவிட்டேன். நாக்கைக் கேட்டார், கெட்ட பக்கம் என்றேன். ஏன் என்றார். நோஞ்சான் மாட்டையும் வண்டியையும் சொன்னேன். காதுக்கிளையைப் பற்றிக் கேட்டதும் தங்கள் ஏலப் பிஞ்சுக் கதையை முழுக்கச் சொன்னேன். துரை சிரித்ததில் அவருக்கே இருமல் வந்துவிட்டது.

மாமா, தாங்கள் மூன்று வருஷம் ஆனாலும் சரி என்று எழுதியிருக்கிறீர்கள். தங்களைக் குணப்படுத்தி இப்படி ஓர் ஆபத்தை நானே வரவழைத்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவசரம் இருக்கிறது. மூன்று மாதமாக அவள் இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்து நான் சாப்பிட்ட சாப்பாடு எனக்குத்தான் தெரியும். மேலும் தங்கள் குணம் பூரணமா என்று அருகில் இருந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். இந்த மாதிரி இருமல் சில சமயம் திரும்பும்.

சென்ற கடிதத்தில் சந்திரவல்லி குறிப்பு எழுதவில்லையே. அவள் க்ஷேமமா?

முனியசாமி


போடிநாயக்கனூர்
1914 பிப்ரவரி 2

மாப்ளே முனியசாமிக்கு. க்ஷேமமெல்லாம் கேக்க நேரமில்ல. கடுதாசி கண்டதும் ரயிலேறு.

புள்ளைக்கு நாலு நாளா இருமல். எனக்கு வந்த அதே வறட்டு இருமல்! நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா லொக்கு, சோத்துல கை வச்சா லொக்கு. ரெண்டு காதையும் வெயில்ல வச்சுப் பாத்துட்டேன், துடைச்சு விட்ட கண்ணாடி மாதிரி இருக்கு. எண்ணெய் விட்டும் பாத்துட்டேன். இது காது இல்ல மாப்ளே, வேற என்னமோ. வைத்தியரைக் கூப்பிடவான்னா, வேண்டாங்குது. நீ போன கடுதாசியில இருமல் திரும்பும்னு எழுதுனியே, அது என்னை விட்டுட்டு இதுகிட்டத் திரும்பிருச்சா?

உன் ஆத்தாகிட்டப் பேசிட்டேன். மாசி பொறந்ததும் முகூர்த்தம் வச்சாச்சு. படிப்பு அது பாட்டுக்கு நடக்கட்டும், தாலியக் கட்டிக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பட்டணத்துலயே வச்சு வைத்தியம் பாரு. எனக்கு இந்த ஒரு புள்ளதான். நான் என் இருமலுக்கே இப்படிப் பயந்ததில்ல. வெரசா வா.

தவசி

குறிப்பு: மச்சான், பயப்பட வேண்டாம். அப்பா எதிரே இருக்கும்போது மட்டும்தான் வருகிறது. அவர் இவ்வளவு பயப்படுவார் என்று நினைக்கவில்லை, பாவமாக இருக்கிறது. முகூர்த்தம் வைத்த அன்றே நிறுத்தியிருப்பேன், மறுநாளே அவர் மனம் மாறிவிட்டால் என்ன செய்வது? தாமதிக்காமல் வாருங்கள். தொண்டை நிஜமாகவே வலிக்கிறது. – ச.வ.